டாக்டர் தம்பிக்கு ஆலோசனை சொல்பவர் யார்?

மில்லிலும் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழர்களின் வீடுகளில் இன்று டாக்டர்கள் இருக்கிறார்கள். தாராவி, சயான், செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று எங்கே போனாலும் நம்மவர் பெயர்ப் பலகை கண்ணில் படுகிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் வைப்பு நிதி, அம்மாவின் நகை, ஊரில் விற்ற நிலம். ஆகவே இது டாக்டர்களுக்கு மட்டுமான பேச்சு அல்ல. குமாஸ்தாக்களாகிய நமக்கும் இதில் வாய் திறக்க உரிமை உண்டு.

மருத்துவக் கல்லூரியில் நோயைக் கண்டுபிடிக்கக் கற்றுத் தருகிறார்கள். வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கவோ, கடன் பத்திரத்தில் வட்டியைக் கணக்கிடவோ யாரும் கற்றுத் தருவதில்லை. அதனால் கிளினிக் திறக்கப் போகிறார் என்று செய்தி பரவியதும் டாக்டரைச் சுற்றி ஆலோசகர்கள் கூடிவிடுகிறார்கள். ‘இடம் நான் பார்த்துத் தருகிறேன், பாங்குக் கடன் நான் முடித்துத் தருகிறேன், மெஷின் நான் இறக்கித் தருகிறேன், எனக்கு ஒரு பைசா வேண்டாம் சார்’ என்பார் ஒருவர். இந்த ஒரு பைசா வேண்டாதவரிடம்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் ஓய்வு பெற்ற கார்டு ஒருவரின் மகன் எலும்பு டாக்டர். இப்படி ஓர் இலவச ஆலோசகரின் பேச்சைக் கேட்டு எக்ஸ்ரே மெஷினைக் கடனில் வாங்கினார்கள். மெஷின் வந்து இறங்கிய பிறகுதான், அதை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு வேண்டும், அறையின் சுவரும் கதவும் அவர்கள் சொல்லும் விதத்தில் இருக்க வேண்டும் என்ற விவரம் தெரிந்தது. வாடகைக்கு எடுத்த அறையில் சுவரை மாற்ற வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. எட்டு மாதம் மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. தவணை மட்டும் மாதாமாதம் போயிற்று, பெரியவரின் பென்ஷனிலிருந்து. மெஷின் விற்றவர்கள் அந்த ஆலோசகருக்குக் கமிஷன் கொடுத்த கதை அதற்கும் பிறகு வெளியே வந்தது.

ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பதே. விற்பவரிடம் வாங்கினால் அவர் விற்பவருடைய ஆள். இன்ஷூரன்ஸ் ஏஜென்டும் கமிஷன் வாங்குகிறார். அது அவர் தொழில், தவறில்லை. கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு டாக்டருக்கு அந்த வகை இன்ஷூரன்ஸ் தேவையும்கூட. ஆனால் எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்று ஏஜென்டையே கேட்பது, மளிகைக் கடைக்காரரிடம் எவ்வளவு அரிசி சாப்பிடலாம் என்று கேட்பது போல.

நோயாளியை அனுப்பி வைத்ததற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று டாக்டர்களுக்கே 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. தப்பான ஆலோசனையால் கடனில் மாட்டிய டாக்டருக்கு அந்த விதியைக் காப்பது எத்தனை கடினம் என்று யோசியுங்கள். தவணை கழுத்தை நெரிக்கும்போது ஸ்கேன் சென்டர்க்காரர் நீட்டும் கவர் பெரிதாகத் தெரியும். அந்தத் தேவையற்ற ஸ்கேனுக்குப் பணம் கட்டப் போவது தலைவலி என்று போன நம் வீட்டுப் பெண்கள்தாம்.

இனி ஆடிட்டர். கணினி முன் உட்கார்ந்து கணக்குத் தாக்கல் செய்பவர் எல்லாரும் ஆடிட்டர் அல்லர். 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இன்ஸ்டிடியூட்டில் அவருக்கு உறுப்பினர் எண் இருக்கும். கேட்டால் கோபிக்க மாட்டார். அவர் கொடுக்கும் சான்றிதழில் 18 இலக்க எண் ஒன்று 2019 முதல் இருந்தாக வேண்டும். அது உண்மையா என்று நாமே இணையத்தில் சரிபார்க்கலாம். லாபத்தில் இத்தனை சதவீதம் என்றோ, ரீஃபண்டு வந்தால் அதில் பங்கு என்றோ கட்டணம் பேச, சில விலக்குகள் தவிர, அவர்களுக்கு அனுமதி இல்லை. அப்படிப் பேசுகிறவர் தம்முடைய தொழில் விதியையே மதிக்காதவர். உங்கள் கணக்கை எப்படி மதிப்பார்?

நல்ல ஆடிட்டர் வேலையைக் குறைத்தும் சொல்வார். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்கும் டாக்டர், வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம் என்ற ஏற்பாடு 2016-17 நிதியாண்டில் வந்தது. ரொக்க வரவு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகாதவர்களுக்கு அந்த வரம்பு 2023-24 முதல் 75 லட்சம். 2025-ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. தாராவி போன்ற இடத்தில் ரொக்கமாகவே வரவு வாங்கும் சிறிய டிஸ்பென்சரிக்கு இதைச் சொல்லாமல், பெரிய ஆஸ்பத்திரிக்கு உரிய கணக்கெல்லாம் எழுதிப் பில் போடுகிறவர்களும் உண்டு. செலவு உண்மையிலேயே பாதிக்கு மேல் போகிறவருக்கு இது லாபமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்பவரே நமக்கு வேண்டியவர்.

நம்ம ஊர்க்காரர் என்பதற்காகவே ஒருவரை வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் பலமாக இருக்கிறது. மொழி தெரியாத ஊரில் அது ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் சங்கத்துப் பொங்கல் விழாவில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ‘இந்தக் கணக்கு ஏன் இப்படி?’ என்று கேட்க நாக்கு எழாது. கேள்வி கேட்க முடியாத ஆலோசகர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. குஜராத்தியோ மராட்டியரோ, கேட்டதற்குப் பதில் சொல்பவராக இருந்தால் போதும்.

வக்கீல் விஷயத்தில் மிச்சம் பிடிப்பவர்கள் இன்னும் அதிகம். மகாராஷ்டிரத்தில் லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். பகடி இடமென்றால் அதற்குத் தனிச் சிக்கல்கள். நண்பர்கள் மூவர் சேர்ந்து பாலிகிளினிக் தொடங்கினால், 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. ஒருவர் விலகி வெளிநாடு போனால் மற்ற இருவரின் வீட்டுக் கதவைத்தான் பாங்கு தட்டும். பத்திரத்தை எழுதியவர் மூவருக்கும் வேண்டியவராக இருந்தால், உங்கள் பங்கை மட்டும் படித்துப் பார்க்க வேறொரு வக்கீலிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுங்கள். வைப்பு நிதிக் காசோலையில் அப்பா கையெழுத்துப் போடுவது அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இருக்கட்டும்.