பம்பை மாற்றும் முன் கேமைப் பாருங்கள்

நம் வியாபாரக் குடும்பங்களில் டர்போ பெட்ரோல் கார் வாங்குவது இப்போது சாதாரணமாகி விட்டது. பிள்ளைகளில் சிலர் அதோடு நிற்பதில்லை. 'இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும்' என்று பட்டறைக்குப் போய், எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி, கூடவே ஹைபிரஷர் பம்பையும் பெரிதாகப் போட்டு வருகிறார்கள். சில மாதம் கழித்து எஞ்சின் விளக்கு எரிகிறது, இழுவை விழுகிறது. 'பம்பு போய்விட்டது, வேறு போட வேண்டும்' என்கிறார் பட்டறைக்காரர். பம்பைத் தள்ளுகிற கேமைக் கழற்றிப் பார்க்காமல் இரண்டாவது பம்புக்குப் பணம் எடுத்து வைப்பது வீண் செலவு என்பது என் கருத்து.

விஷயம் சிக்கலானதல்ல. பழைய முறை பெட்ரோல் எஞ்சினில், டாங்கிக்குள் இருக்கும் மின்சார பம்பு 3 அல்லது 4 பார் அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்பும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பாருக்குச் சற்று மேல் என்பதை வைத்து இதைப் புரிந்து கொள்ளலாம். சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சினுக்கு இது போதாது. 100 பாருக்கு மேல் வேண்டும். புதிய எஞ்சின்களில் 200, 350 பார் வரை போகிறது. இந்த அழுத்தத்தைக் கொடுக்கும் இரண்டாவது பம்பை மின்சாரம் ஓட்டுவதில்லை. கேம் ஷாப்டில் உள்ள புடைப்புகள், பாலோயர் என்னும் சிறு பாகத்தின் வழியாக பம்பின் தண்டைத் தள்ளுகின்றன. வேலை முழுவதும் அந்தப் புடைப்பின் தலையில்தான்.

இனி கணக்கைப் பாருங்கள். பம்புத் தண்டின் விட்டத்தை 10 மில்லிமீட்டரிலிருந்து 11 ஆக்கினால் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பரப்பளவு 21 சதவீதம் கூடுகிறது. அதே அழுத்தத்தில் கேம் தாங்க வேண்டிய பாரமும் 21 சதவீதம் கூடும். அழுத்தத்தையும் உயர்த்தி, கெட்டியான ஸ்பிரிங்கும் போட்டால் இன்னும் ஏறும். கேமும் பாலோயரும் பழையவைதான். குருவி தலையில் பனங்காய் வைத்த கதை இது.

இது வெறும் யூகம் அல்ல. போக்ஸ்வாகன், ஆடி நிறுவனங்கள் 2004-ம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் விற்ற 2.0 லிட்டர் டர்போ எப்.எஸ்.ஐ. எஞ்சினில் நடந்தது. அதில் உட்கொள் கேம் ஷாப்டின் முனையில் மூன்று புடைப்புகள்; இடையில் கிண்ணம் போன்ற பாலோயர். உருளை இல்லாததால் உலோகத்தோடு உலோகம் வழுக்கித்தான் ஓட வேண்டும். கம்பெனி பம்பு இருந்த வண்டிகளிலேயே பாலோயரின் கறுப்புப் பூச்சு தேய்ந்து, சிலவற்றில் கிண்ணம் ஓட்டையாகி, பம்புத் தண்டு நேராகக் கேமில் உரசியது. பெரிய பம்பு போட்டவர்கள் அதிக கவலைப்பட்டதில் வியப்பில்லை. பின்னால் வந்த எஞ்சினில் அதே நிறுவனம் உருளை வைத்த பாலோயருக்கும் நான்கு புடைப்புக்கும் மாறிக் கொண்டது.

தேய்ந்த கேம் ஏன் பம்புக் கோளாறு போலத் தெரிகிறது? புடைப்பின் உயரம் குறைந்தால் பம்புத் தண்டு முழுத் தூரம் நகராது. ஒவ்வொரு தள்ளுக்கும் பெட்ரோல் குறையும். வேகமாக மிதிக்கும்போது தேவையான அழுத்தம் வராது. ஸ்கேனர் 'ரெயில் அழுத்தம் குறைவு' என்ற பி0087 குறியைக் காட்டும். அது விளைவைச் சொல்கிறதே தவிரக் காரணத்தைச் சொல்லவில்லை. பம்பைப் பழி சொல்வது எளிது. புதிதாகப் போட்டது அதுதானே!

முறையாகச் சோதிக்கும் வரிசை இது. முதலில், கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் ஓட்டிப் பார்த்துக் குறிக்க வேண்டும். இரண்டாவது, டாங்கி பம்பும் பில்டரும் போதுமான பெட்ரோலைத் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, எஞ்சின் ஆறி அழுத்தம் இறங்கிய பின் பம்பைக் கழற்றிப் பாலோயரை எடுக்க வேண்டும். பூச்சு போய் வெள்ளையாக வட்டம் தெரிந்தாலோ, குழி விழுந்திருந்தாலோ எச்சரிக்கை. உருளை வகையாக இருந்தால் உருளை தடையின்றிச் சுழல வேண்டும். நான்காவது, எஞ்சினைக் கையால் திருப்பி ஒவ்வொரு புடைப்பையும் அந்தத் துவாரம் வழியே பார்க்க வேண்டும். கீறல், கூரான விளிம்பு, மழுங்கிய முனை எல்லாம் தேய்மானம். டயல் கேஜ் வைத்து உயரத்தை அளந்தால் சந்தேகமே இராது. கடைசியாக, எண்ணெயில் இரும்புத் தூள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

'பாலோயரை மட்டும் மாற்றினால் போதும், அது மலிவு' என்பார்கள். கேம் நன்றாக இருந்தால் சரி. கேமில் கீறல் விழுந்த பின் புதிய பாலோயர் போட்டால், அந்தக் கேமே அதையும் தின்று விடும். அதே போலத் தேய்ந்த பாலோயரின் மேல் புதிய பம்பை உட்கார வைப்பதும் தவறு. பாலோயர் சில்லறைச் செலவு. கேம் ஷாப்ட் என்றால் எஞ்சின் தலையைத் திறக்க வேண்டும், கூலியும் சேரும். சில்லறையைப் பார்த்து மொத்தத்தை விடக் கூடாது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே நம் உறுப்பினர்கள் மூன்று விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். பெரிய பம்பு போடும் முன்பே கேமையும் பாலோயரையும் பார்த்து, புதிய பாலோயரோடு போடச் சொல்லுங்கள். போட்ட பின் முதல் எண்ணெய் மாற்றத்திலேயே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி சொன்ன தர எண்ணெயைத் தவிர வேறு ஊற்ற விடாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தையும் அளந்த கணக்கையும் பில்லோடு கேட்டு வாங்குங்கள். மூட்டை குறைந்தால் எடை போட்டுப் பார்க்காமல் நாம் யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. பட்டறை பில்லுக்கு மட்டும் அந்த வழக்கத்தை ஏன் கைவிட வேண்டும்?

கம்பெனி கொடுத்த இழுவை போதும் என்று இருப்பதே எல்லாவற்றிலும் மேல். பிள்ளைகள் கேட்கவில்லை என்றால், கேமைப் பார்க்கவாவது சொல்லி அனுப்புங்கள்.