எல்லை தாண்டும் மின் பாக்கி: சுமை யார் தலையில்?

புது தில்லி: மின் கட்டணம் செலுத்தாமல் ஆலையை மூடிவிட்டு வெளியேறியவரின் பாக்கியை, அந்த இடத்தை ஏலத்தில் எடுத்தவரிடம் கேட்கலாமா? கேரள மாநில மின்வாரியத்தின் வழக்கையும் வேறு மாநிலங்களின் வழக்குகளையும் ஒன்றாக விசாரித்த உச்ச நீதிமன்றம், 2023 மே 19-ஆம் தேதி இதற்கு விடையளித்தது. தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களுக்கு இத்தீர்ப்பு மிகவும் முக்கியமானது.

வாளையாறைக் கடந்ததும் வரும் கஞ்சிக்கோடு, மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும் உருக்காலைகளைக் கொண்ட தொழிற்பகுதி. இங்கே தொழில் நடத்தியவர் கோவைக்கு இடம்பெயர்ந்துவிட்டால் பாக்கியை வசூலிப்பது எப்படி? 1890-ஆம் ஆண்டின் வருவாய் மீட்புச் சட்டம் வழி சொல்கிறது. பாலக்காடு ஆட்சியர் சான்றிதழ் அனுப்பினால், கோவை ஆட்சியர் அதைத் தம் மாவட்டத்து நிலவரி பாக்கிபோலவே வசூலிக்க வேண்டும். ஆனால், கடனாளிக்கு அங்கே சொத்து இல்லையெனில் அந்தச் சான்றிதழ் வெறும் காகிதமே. அண்டை மாநிலத்தின் பாக்கிக்கு எந்த வருவாய் அலுவலகமும் முன்னுரிமை தரும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

தீர்ப்பு சொல்வது என்ன?

பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் புதிய இணைப்பு என்று மின்வாரியம் விதிமுறை வகுப்பது செல்லும் என்றது நீதிமன்றம். இரண்டு ஆண்டு காலவரம்பு மின் இணைப்பைத் துண்டிப்பதற்கு மட்டுமே பொருந்தும். அதன் பிறகும் உரிமையியல் வழக்குத் தொடரலாம். அதேவேளையில், சட்டத்தில் வெளிப்படையாகக் கூறப்படாவிட்டால் பாக்கி தானாகவே சொத்தின் மீது ஏறிவிடாது. 'உள்ளது உள்ளபடி' என அறிவித்து விற்கப்பட்ட சொத்தை ஏலம் எடுத்தவர், பாக்கியை விசாரித்து அறிந்திருக்க வேண்டும் என்பதும் தீர்ப்பின் சாரம். எனினும், ஏலதாரர்கள் இணைப்புக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து சேர்ந்த வட்டியை மட்டும் அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

பிடி இல்லாத கடன்காரர்கள்

ஆக, ஓடியவரைத் துரத்த இயலாத வாரியம், வந்தவரை நிறுத்தி வசூலிக்கலாம். இந்தப் பிடி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்தபோது, இடுக்கி மாவட்டம் பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. தமிழர்கள் பெருமளவில் உள்ள அத்தொழிலாளர்களுக்குக் கூலியும் பணிக்கொடையும் பாக்கி நின்றன. பணிக்கொடையையும் நிலவரி பாக்கிபோல ஆட்சியர் வசூலித்துத் தர 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஆனால், புதிய உரிமையாளரைப் பணிய வைக்கத் தொழிலாளியின் கையில் மின்விசை இல்லை.

கடனாளி ஊரில் இருக்கும்போதே வசூலிப்பதுதான் நேரான வழி. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வாரியத்துக்குக் காப்புத்தொகை பெறவும், 15 நாள் அறிவிக்கை தந்து இணைப்பைத் துண்டிக்கவும் அதிகாரம் தருகிறது. அதை உரிய காலத்தில் பயன்படுத்தாமல் பாக்கியை வளரவிட்டு, பின்னர் ஏலதாரர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. வங்கிகளின் ஏல அறிவிப்பில் மின் பாக்கியும் தொழிலாளர் பாக்கியும் தொகையுடன் இடம்பெறுவதைக் கட்டாயமாக்கினால், பாதி வழக்குகள் தில்லி வரை வரவேண்டியிருக்காது.