வேரும் முடிச்சும்

ஒரு சிக்கலின் நடுவிடத்தைச் சுட்ட ஆங்கிலத்தில் சொற்கள் பல உள்ளன. க்ரக்ஸ், ஜிஸ்ட், கர்னல், கோர், நப், ரூட் என அவை நீளும். நம் மாணவர்கள் இவற்றையெல்லாம் ஒருபொருட் சொற்களாகக் கொண்டு, தமிழில் 'மையக் கருத்து' என்ற ஒன்றாலேயே பெயர்த்துவிடுகின்றனர். இப்பிழை சொல்லளவில் நிற்பதன்று. நம் சிந்தனையையும் தடுமாறச் செய்வது.

இச்சொற்களின் பிறப்பை நோக்குவோம். கர்னல், ஓட்டினுள் உறையும் பருப்பு. கோர், கனியின் விதை தங்கும் நடுப்பகுதி. நப், புடைத்து நிற்கும் முண்டு. ஜிஸ்ட், ஒரு வழக்கு எதன்மேல் நிற்கிறது என்பதைக் குறிக்கும் சட்டச் சொல்லாகப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்து, இன்று பேச்சின் சாரத்தைச் சுட்டுகிறது. க்ரக்ஸ் என்பது இலத்தீனில் சிலுவை. வதைக்கும் கருவியின் பெயர், அறிவை வதைக்கும் புதிருக்காகி, பின்னர் எதனை அவிழ்த்தால் ஏனையவும் அவிழுமோ அம்முடிச்சுக்கு உரியதாயிற்று. ரூட் என்பதோ வேர்; அது காரணத்தைக் காட்டும்.

இவ்வேறுபாட்டால் என்ன பயன் என வினவலாம். ஏழை மாணவி ஒருத்தி இடையில் படிப்பை நிறுத்துகிறாள் எனக் கொள்வோம். "இனி வர இயலாது" என்பது அவள் மடலின் சாரம். வறுமை அதன் வேர். இவ்வாண்டுக் கட்டணத்தை யார் செலுத்துவது என்பதே முடிச்சு. வேரை மட்டும் பேசும் அவை, "வறுமை ஒழிய வேண்டும்" எனப் பெருமூச்செறிந்து கலையும். முடிச்சை அறிந்த அவை, கட்டணத்தைத் திரட்டிவிட்டு எழும். முடிச்சை அவிழ்த்த பின்னும் வேர் எஞ்சியிருக்கும் என்பது மெய்யே. அதற்கு நெடிய உழைப்பு வேண்டும். எனினும், வேரைக் களையும்வரை அம்மாணவி காத்திருக்க இயலுமா?

திருக்குர்ஆன் அறிவுடையோரை 'உலுல் அல்பாப்' எனச் சுட்டுகிறது. 'அல்பாப்' என்பதன் ஒருமையான 'லுப்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பருப்பு என்றும் அறிவு என்றும் பொருளுண்டு. ஓட்டை நீக்கி உள்ளீட்டைக் காண்பதே அறிவு என்னும் நயம் அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது.

சாரம், கரு, வேர், முடிச்சு எனத் தமிழிலும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. மாணவர்கள் மொழிபெயர்ப்பிலும், பெரியோர் ஜமாஅத் அவையிலும், "இது வேரா, முடிச்சா?" என ஒருமுறை வினவிக்கொள்வார்களாயின், சொல்லும் செம்மையுறும், செயலும் சிறக்கும்.