வானம் எவர் உடைமை?

விண்ணில் ஏவிய ரொக்கட்டின் அடிப்பாகத்தை 2015 டிசம்பரில் நிமிர்ந்தபடியே தரையிறக்கிய ஸ்பேஸ்எக்ஸ் கம்பனியின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆற்றல், அயலார் தலைமீது இரும்பைப் பொழிய உரிமைச் சீட்டாகுமா? 2025 ஜனவரியில் டெக்சாசிலிருந்து எழுந்த அதன் ஸ்டார்ஷிப் வெடித்துச் சிதறிற்று. துண்டுகள் வீழ்ந்ததோ பிரித்தானிய ஆளுகைக்குட்பட்ட டர்க்ஸ் கைகோஸ் தீவுகளில்! விமானங்கள் வழிமாறி ஓடின. மார்ச்சில் மற்றொன்றும் சிதறிற்று. இம்முறை நெருப்புத் துண்டுகளைக் கண்டவர்கள் பஹாமாஸ் மக்கள்.

தண்டனை யாது? ஆண்டுக்கு 5 என்றிருந்த ஸ்டார்ஷிப் ஏவுதல்களை 25 ஆக்க, அதே மே மாதம் அமெரிக்க அரசு அனுமதித்தது! இலாபம் கம்பனிக்கு, அனுமதி வாஷிங்டனில், இடர் மட்டும் வாக்கில்லாத தீவினருக்கா? எத்தீவின் மேலாகப் பறக்கினும், அத்தீவினரின் இசைவின்றி இனி ஒரு சோதனைக் கலமும் எழலாகாது.