மேலே என்ன தூவட்டும்?

தோழியரே! உருளைக்கிழங்கு வறுவலை வேண்டாம் என்போர் நம் வகுப்பில் எவரும் இலர். ஆனால், வறுத்த கிழங்கின் மேல் எதைப் போட்டு உண்பது என்று கேட்டால், ஒரே பெஞ்சில் இருக்கும் நால்வரும் நான்கு கட்சியாகப் பிரிந்துவிடுவர். நான் உப்பு மிளகாய்த்தூள் கட்சி. சாஸ், சீஸ் எதுவும் எனக்கு வேண்டாம்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உள்ள சிப்ஸ் கடைகளைக் கவனித்திருப்பீர்கள். காய்ந்த எண்ணெய்க்கு மேலேயே கிழங்கைச் சீவி, நேரே வாணலியில் விழச் செய்கின்றனர். ஜல்லிக் கரண்டியால் அரித்தெடுத்து, சூடு ஆறுமுன் உப்பையும் தூளையும் தூவிக் குலுக்குகின்றனர். அந்தச் சூட்டில்தான் தூள் ஒட்டும். ஆறியபின் தூவினால் காரமெல்லாம் பொட்டலத்தின் அடியில் தங்கி, கடைசியாகக் கைவிடுபவரைத் தும்ம வைக்கும். மேலும், கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. ஊர்க்காரர் இருவரும் நம் வாணலியில் மீண்டும் சந்திக்கும்போது, இடையில் சாஸ் எதற்கு?

பிற நாட்டார் இதை ஒப்ப மாட்டார்கள். ஆங்கிலேயர் வறுத்த கிழங்கில் வினிகர் தெளிக்கின்றனர். பெல்ஜியத்தில் மயோனைஸ். கனடாவின் கியூபெக் மாநிலத்திலோ, 1950களில் சிற்றூர் உணவகங்களில் ‘பூட்டின்’ என்ற பண்டம் தோன்றியது. வறுத்த கிழங்கின் மேல் புதிய பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு, அதன்மேல் சூடான இறைச்சிக் குழம்பை ஊற்றிவிடுகின்றனர்! மொறுமொறுப்பு என்னாவது என்று என் மனம் பதறுகிறது. ஆயினும், பொரித்த வடையைச் சாம்பாரில் ஊறவிட்டு, கரண்டியால் வெட்டி உண்ணும் நாம் அவர்களைக் குறை கூற முடியுமா என்ன?

ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது. அதில் எனக்குச் சண்டை இல்லை. என் வழக்கு வேறு.

பெசன்ட் நகர்க் கடற்கரையில் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் விற்பவர், எட்டு வயதுச் சிறுமியிடமும், “காரம் போடட்டா பாப்பா? மாங்காய் தூக்கலா இருக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டலம் மடிக்கிறார். வீட்டில் இந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது? அப்பாவிடம், அடுத்து அண்ணனிடம். நாம் வாய் திறந்தால், “பொம்பளப் பிள்ளைக்கு நாக்கு நீளக்கூடாது” என்று பாட்டி அடக்கிவிடுவார். பெற்றோர் கோபிக்க வேண்டாம். கேட்டதெல்லாம் தட்டில் விழவேண்டும் என்று நான் வாதாடவில்லை. எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். அருட்சகோதரியர் தவக்காலத்தில் பிடித்த உணவொன்றை விட்டுக்கொடுக்கச் சொல்கின்றனர். விட்டுக்கொடுப்பதற்கேனும் எது பிடிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

நம் நிலையாவது பரவாயில்லை. உங்கள் அம்மாவுக்கு வறுவலின் மேல் என்ன போட்டால் பிடிக்கும்? யோசித்துச் சொல்லுங்கள் பார்ப்போம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, வாணலியில் ஒட்டிய தூளை வழித்துச் சோற்றில் பிசைந்து கொள்பவரிடம் யார் இதைக் கேட்டார்கள்? இந்தக் கட்டுரைக்காக என் அம்மாவிடம் கேட்டேன். “எனக்கென்னடி, எதுன்னாலும் சரி” என்றார். விடாமல் கேட்டபின், அடுப்பைப் பார்த்தபடி, “ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, மிளகுத்தூள் போட்டா நல்லாயிருக்கும். எங்கம்மா அப்படித்தான் தருவாங்க” என்றார். இருபது ஆண்டுகளாக அந்த அடுப்படியில் நிற்பவர் அவர். அப்பாவுக்கும் அது புதுச் செய்தி!

எலுமிச்சைச் சாறும் ஈரம்தான். என் கட்சிக் கொள்கைக்கு ஒவ்வாதது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வறுவலை இரண்டு தட்டில் எடுத்து வைக்கிறோம். ஒன்றில் மிளகாய்த்தூள், இன்னொன்றில் மிளகும் எலுமிச்சையும். இரண்டாவது தட்டில் முதலில் கை வைப்பவர் அப்பா.