வந்தோம், பார்த்தோமா?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குச் சென்று திரும்பும் நம்மவர்களிடம், அங்கே என்ன கண்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆகாயகங்கை அருவி, அறப்பளீசுவரர் கோயில், மூலிகை, தேன், பலாப்பழம் என்று பட்டியல் நீளும். மனிதரைக் கண்டதாகச் சொல்பவர் அரிது. பைல் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்து வாழும் ஒரு மக்களினம் அந்தக் காட்சியிலிருந்து எப்படியோ மறைந்துவிடுகிறது.

அம்மக்களுக்கு மலையாளி என்று பெயர். பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்ற அவர்கள் பேசுவது நம் தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நாமோ பெயரைக் கேட்டதும் கேரளத்தவரா என்கிறோம். அல்லவென்று அறிந்தால் காட்டுவாசி என்கிறோம். வல்வில் ஓரியைக் கடையெழு வள்ளல்களில் ஒருவன் எனக் கொண்டாடி ஆடி மாதத்தில் விழா எடுக்கிறோம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தலைவன் நமக்குத் தமிழ் வள்ளல். அவன் மலையில் இன்று ஏர் பிடிப்பவன் நாகரிகம் அறியாதவன்! இதைவிடப் பெரிய குருட்டுத்தனம் வேறு உண்டா?

சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்கள் உணவாக இருந்தபோது அவற்றை ஏழைத் தவசம் என்று இகழ்ந்தோம். அரிசிச் சோறே மதிப்பு என்று கற்பித்தோம். சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டியிருந்தது. மலைநிலங்கள் மரவள்ளிக் காடுகளாக மாறின, சாமைக் கொல்லைகள் சுருங்கின. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இன்று அதே சாமையை நகரத்துக் கடைகளில் உடல்நலம் நாடி வாங்குகிறோம். தானியத்திற்கு மரியாதை வந்துவிட்டது. அதன் விதையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்த கைகளுக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

கிறிஸ்தவர்களாகிய நாம் இதற்கு விலக்கா? கிறிஸ்து பிறப்புக் காலத்தில் போர்வைகளோடு மலையேறுகிறோம். வரிசையில் நிறுத்துகிறோம், வழங்குகிறோம், நிழற்படம் எடுக்கிறோம், மாலைக்குள் இறங்கிவிடுகிறோம். அந்த வரிசையில் நின்ற ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா?

கொடுப்பதும் குற்றமா என்று சிலர் சினக்கலாம். இல்லை, குளிரில் நடுங்குபவருக்குப் போர்வை வேண்டும். ஆனால், கொடுப்பவன் நான், பெறுபவன் அவன் என்ற நிலை ஒருநாளும் மாறக்கூடாதென்று உள்ளூர விரும்பினால், அது அன்பன்று, ஆணவம். இகழ்பவன் அவரைத் தாழ்த்துகிறான். வியப்பவன் அவரை வேடிக்கைப் பொருளாக்குகிறான். இரங்குபவனும் அவரிடம் ஒரு சொல் கேளாமலே தீர்ப்பெழுதிவிடுகிறான். மூவருமே அவரோடு அமர்ந்து பேசவில்லை.

அமர்ந்தவர்களும் உண்டு. பிரிந்த சகோதரர் சபையைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர் இம்மலையில் தங்கிப் பணியாற்றி 1929இல் காய்ச்சலுக்குப் பலியானார். அவர் துணைவி ஈவ்லின், ஓய்வு பெறும் வயதிலும் மலையை விடவில்லை. 1974இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் இறக்கும்வரை மலைமக்களுக்காகவே வாழ்ந்தார். இம்மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கச் செய்தார். மாலைக்குள் இறங்கிவிடும் நம் அன்பை இவர்கள் வாழ்வின் அருகே வைத்துப் பார்த்தால் வெட்கமே மிஞ்சுகிறது.

நாசரேத்து என்ற பெயரைக் கேட்டதும் நத்தனியேலுக்கு ஏளனமே பிறந்தது. அந்தச் சிற்றூரிலிருந்து நன்மை வரும் என்று அவரால் எண்ண முடியவில்லை. பிலிப்பு வாதாடவில்லை, வந்து பார்க்கும்படி அழைத்தார். நத்தனியேல் வந்தார், பார்த்தார், மனம் மாறினார். நம் ஆண்டவரே ஏளனத்துக்குரிய ஓர் ஊரின் பெயரைச் சுமந்தவர் என்பதை மறந்துவிட்டு மலைமக்களை எடைபோடுகிறோம்.

அடுத்த முறை பங்கிலிருந்து மலையேறும்போது பதாகையைக் கீழேயே விட்டுச் செல்வோம். ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெயர் கேட்போம். அவர்கள் விளைத்ததைப் பேரம் பேசாமல் நியாய விலைக்கு வாங்குவோம். அவர்கள் சொல்வதைக் கேட்போம். மலைக்கு வருவது நமக்குப் பழகிவிட்டது. பார்க்கத்தான் இன்னும் பழகவில்லை.