‘போ’ என்றால் போச்சு!

பத்தாவது வரை தமிழில் படித்தவள் நான். சென்ற மாதம் மகளின் பள்ளி நோட்டு அட்டையில் ‘டயரி’ என்று ஆங்கிலத்தில் எழுதப் போய், ‘ஐ’யையும் ‘ஏ’யையும் இடம் மாற்றி ‘டெய்ரி’ என்று எழுதிவிட்டேன். “ஐயோ அம்மா, ஸ்கூலைப் பால் பண்ணை ஆக்கிட்டியே!” என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால், சிரிக்க முடியாத தப்பு ஒன்றும் நான் செய்ததுண்டு.

என் மாமியாருக்குப் பல வருஷமாக சர்க்கரை வியாதி. இன்சுலின் போட்டுக் கொள்கிறார். ஒரு நாள் மதியச் சாப்பாடு தாமதமாகிவிட்டது. திடீரென்று அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த ஆங்கிலக் கையேட்டை எடுத்தேன். இரண்டு கட்டங்கள். ஒன்றின் தலைப்பு ஹைப்போகிளைசீமியா, மற்றது ஹைப்பர்கிளைசீமியா. பதற்றத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. கண்ணில் பட்ட கட்டத்தைப் படித்தேன். ‘இனிப்பு கூடாது, தண்ணீர் குடிக்கவும்’ என்றிருந்தது.

“சர்க்கரை போட்டு ஒரு வாய் காப்பி கொடேன்மா” என்று அவர் கெஞ்ச, “கூடாது அத்தை” என்று வெறும் தண்ணீரை நீட்டினேன்!

நல்ல வேளை, அடுத்த வீட்டு அக்கா வந்தார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷினில் பார்த்தால் 54. “என்ன காரியம் பண்றே? சர்க்கரையைக் கரைச்சுக் கொண்டா, சீக்கிரம்!” என்று அதட்டினார். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் அத்தை தெளிந்து, “பசிக்குதும்மா” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று அக்கா சொல்லித் தந்தது இது. ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் அதிகம். ‘போ’ என்றால் குறைந்து போச்சு. ‘பர்’ என்றால் மேலே பறக்கிறது! ரத்த அழுத்தத்துக்கும் இதே கணக்குதான். ஹைப்பர்டென்ஷன் ஏறியது, ஹைப்போடென்ஷன் இறங்கியது. தைராய்டில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. ஹைப்போதைராய்டில் சுரப்பி குறைவாக வேலை செய்யும்; ஆனால் பெரும்பாலும் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். எண் கூடித் தெரியும். எண்ணைப் பார்த்து நாமே முடிவு கட்டக் கூடாது.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே இனிப்பு கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுக்கலாம். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108-ஐ அழையுங்கள்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தங்கைகளுக்கு இன்னொன்று. ‘டி.எஸ்.பி.’ என்றால் டீஸ்பூன், 5 மில்லி. நடுவில் ஒரு ‘பி’ சேர்ந்து ‘டி.பி.எஸ்.பி.’ ஆனால் டேபிள்ஸ்பூன், 15 மில்லி. ஓர் எழுத்தில் மருந்து மூன்று மடங்காகிவிடும்! சமையலறைக் கரண்டியை நம்பாமல், மருந்தோடு வரும் அளவு மூடியிலேயே ஊற்றுங்கள்.

இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ‘ஹைப்போ - குறைவு - சர்க்கரை கொடு’ என்று கொட்டை எழுத்தில், தமிழில். மருந்துக் கடையிலும் டாக்டரிடமும், “இதைத் தமிழில் சொல்லுங்க” என்று கேட்க முன்பெல்லாம் கூச்சப்படுவேன். இப்போது கேட்காமல் நகர்வதில்லை. தெரியாததைக் கேட்பதில் வெட்கம் என்னங்க? நீங்களும் இன்றைக்கே ஒரு தாள் எழுதி ஒட்டிவிடுங்களேன்!